ராஜபாளையம் குட்டிக்குக் காது கேட்கவில்லை, சோதனை எங்கே செய்யலாம்?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு ராஜபாளையம் குட்டிக்கு மூன்று மாதம் ஆகிறது. தூங்கும்போது பக்கத்தில் எவர்சில்வர் தட்டே விழுந்தாலும் காது அசைவதில்லை. தரையை ஓங்கி மிதித்தால் மட்டும் அதிர்வு பட்டு விழித்துப் பார்க்கிறது.

பிறவிக் கோளாறாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். தூய வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு இருந்தால்தான் ஒரிஜினல் என்று தலைமுறை தலைமுறையாக அதையே பார்த்து இணை சேர்த்ததன் விளைவு இது. நிறம் தரும் செல்கள் உள்காதுக்கும் தேவை. அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடும். டால்மேஷனிலும் இதே பிரச்சினைதான். 2005இல் தபால்தலையில் இடம்பெற்ற நம் ஊர் இனத்தை நாமே இப்படிக் கெடுப்பது மனதுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

பி.ஏ.இ.ஆர். என்ற செவித்திறன் சோதனையை நாய்களுக்கு மதுரையிலோ சென்னையிலோ எங்காவது செய்கிறார்களா? சத்தம் கொடுத்து, மூளையில் எழும் மின் அலையை அளப்பார்கள். ஒரு காது மட்டும் கேட்காத நாயைக் கைதட்டிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு இந்தச் சோதனைதான் வழி. தாய் நாயை மறுபடி இணை சேர்க்கப் போவதாக விற்றவர் சொல்கிறார். அதற்குள் தாய்க்கும் மற்ற குட்டிகளுக்கும் சோதனை செய்துவிட வேண்டும். அவரையும் சம்மதிக்க வைத்துவிட்டேன்.

அப்புறம், காது கேட்காத நாயைக் கைச்சைகையில் பழக்கியவர்கள் இருந்தால், முதலில் எந்தச் சைகையிலிருந்து தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.