உள்ளே ஆள் சிக்கியிருக்கும்போது கட்டை வைக்க நேரம் இருக்கா?

ஏணிப்படி:
பதினோரு வருஷமா தீயணைப்பு வேலையில இருக்கேன். போன மாசம் பயிற்சியில, பக்கவாட்டில் கவிழ்த்துப் போட்ட காருக்கு முட்டுக் கொடுக்க கட்டையும் ஆப்பும் எடுக்கப் போனேன். மூத்தவர் ஒருத்தர் சத்தம் போட்டார்: "உள்ள ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கு, நீ தச்சு வேலை பார்க்கிறியா?" வெட்டுறதுக்கு முன்னாடி பில்லரோட (கார் கூரையைத் தாங்குற தூண்) பிளாஸ்டிக் உறையை உரிச்சுப் பார்த்ததுக்கும் அதே ஏச்சு. இந்த ரெண்டையும் முடிக்காம, காரை வெட்டுற ஹைட்ராலிக் கட்டரைத் தொடவே கூடாதுங்கிறது என் கட்சி. நீங்க என்ன சொல்றீங்க?

செந்தொப்பி:
நான் அந்த மூத்தவர் பக்கம். அடிபட்டவருக்கு முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம்னு எல்லாருக்கும் சொல்லித் தர்றாங்க. நாம போய்ச் சேரவே அதுல பாதி கரைஞ்சிடுது. ஒரு தடவை உடைஞ்ச ஜன்னல் வழியா ஒருத்தரோட கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வெளியே நாலு பேர் சரியான அளவுக் கட்டையைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. என் விரலை இறுக்கிப் பிடிச்சிருந்த அந்தப் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்துச்சு. அதுக்கு எந்த விதிப்புத்தகத்தில பதில் இருக்கு?

ஏணிப்படி:
அண்ணே, அதைப் படிச்சிட்டு உடனே பதில் எழுத மனசு வரலை. ஆனாலும் உறை விஷயத்தைச் சொல்லியே ஆகணும். ஜன்னல் பக்கம் திரை மாதிரி விரியுற ஏர்பேக்கை ஊத வைக்கிற காற்றுக் குப்பி நிறைய கார்கள்ல கூரை ஓரத்திலயோ பில்லருக்குள்ளயோ இருக்கு. பல மாடல்கள்ல அதுக்குள்ள மிக அதிக அழுத்தத்தில வாயுவை அடைச்சு வெச்சிருப்பாங்க. கட்டர் வாய் அதுமேல விழுந்தா குப்பி வெடிக்கும். சிதறுற இரும்பு நம்ம முகத்துக்கும் வரும், உள்ளே இருக்கிறவர் முகத்துக்கும் போகும். குப்பி இருக்கிற இடம் மாடலுக்கு மாடல் மாறுது. உரிச்சுப் பார்த்தாத்தான் நிச்சயம் தெரியும். ஒரு நெம்பு போதும், சில நொடி வேலை.

செந்தொப்பி:
சரி தம்பி, அந்த 5-10-20 கணக்கு? விரியாத ஏர்பேக்கில இருந்து பக்கவாட்டில் 5 அங்குலம், ஸ்டியரிங்குக்கு 10, முன்பயணி பக்கம் 20 தள்ளி நிக்கணுமாம். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல நசுங்கிக் கிடக்கிறவரோட கழுத்தை அசையாமப் பிடிக்கணும்னா என் தலை அந்த 10 அங்குலத்துக்குள்ளதான் இருக்கும். எழுதினவங்க அங்க குனிஞ்சு பார்க்கட்டும்.

ராப்பணி:
நான் ஆம்புலன்ஸ்ல வேலை பார்க்கிறேன். அந்தக் குனியுற ஆள் நான்தான், அதனால சொல்றேன். ஏர்பேக் விரிய ஏறக்குறைய 30 மில்லி நொடி போதும், தலையை இழுத்துக்க வாய்ப்பே இல்லை. பேட்டரி கம்பியைக் கழட்டின பிறகும் அந்த அமைப்புக்குள்ள கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். அதனால முதல் ஆள் பேட்டரிக்குப் போகட்டும். நானும் பின் சீட்டுல இருந்து கழுத்தைப் பிடிக்கப் பார்ப்பேன், முடியாத நாளும் உண்டு.

இன்னொண்ணு. ரெண்டு பேரும் வெட்டுறதைப் பத்தியே பேசுறீங்க. கூரையை வெட்டி எடுத்து ஆளைத் தூக்குறதைவிட, முடிஞ்சவர் தானே இறங்கி வந்தா கழுத்தெலும்பு குறைவா அசையுதுன்னு பிரிட்டன்ல நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கு. நினைவோட இருந்து கால் சிக்காம இருந்தா, "இறங்க முடியுமா?"ன்னு முதல்ல கேளுங்க. வெட்டாத பில்லர்ல கட்டர் பட்டு எந்தக் குப்பியும் வெடிக்காது. வெட்டித்தான் ஆகணும்னா, கண்ணாடி அறுக்கும்போது முகக்கவசம் போடுங்க. அந்தத் தூள் நேரா நுரையீரலுக்குப் போகும்.

ஏணிப்படி:
கேட்டுப் பார்க்கிறது நல்ல யோசனை. கட்டர் எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கட்டருக்கு எண்ணெய் கொண்டு போற ஹைட்ராலிக் குழாய்கள் பலதுல அழுத்தம் சுமார் 700 பார், அதாவது நம்மைச் சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 700 மடங்கு. கூட வேலை பார்த்த ஒருத்தர் எண்ணெய் கசியுற இடத்தைக் கையால தடவிப் பார்த்தார். கையுறையைக் கழட்டினா ஆள்காட்டி விரல்ல ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். வலிகூட இல்லைன்னு சிரிச்சார். ராத்திரிக்குள்ள விரல்ல இருந்து உள்ளங்கை வரைக்கும் கிழிச்சு எண்ணெயைச் சுத்தம் பண்ண வேண்டியதாப் போச்சு. கசிவைத் தேட அட்டைத் துண்டு பிடிங்க, கையை வைக்காதீங்க.

செந்தொப்பி:
அது எனக்குப் புதுசு. எங்க நிலையத்துக் குழாய்களை நாளைக்கே பார்க்கிறேன். சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறதையும் ஒத்துக்கிறேன். மின்சார கார் சத்தமில்லாமலே ஓடுற நிலையில இருக்கலாம், யாராவது பெடல்ல கால் வெச்சா வண்டி நம்ம மேலதான் ஏறும். ஆனா தீ பரவுச்சுன்னா ஒரு உறையையும் உரிக்க மாட்டேன். ஆளை இழுத்துக்கிட்டு வருவேன்.

ஏணிப்படி:
தீ பரவினா நானும் அதையேதான் செய்வேன், அண்ணே. அதுல நமக்குள்ள சண்டையே இல்லை. மத்த நேரத்தில, நீங்க சொன்ன அந்த நாலு பேர்ல ஒருத்தர் கட்டைக்கு, ஒருத்தர் பேட்டரிக்கு, ஒருத்தர் உறைக்கு, ஒருத்தர் கட்டரைத் தயார் பண்ணன்னு ஒரே நேரத்தில பிரிஞ்சு போயிருந்தா எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

செந்தொப்பி:
தெரியலை. அன்னைக்கு யாரும் பிரிச்சு விடலை. அடுத்த பயிற்சியில கடிகாரம் வெச்சு அளந்துட்டு இங்கேயே எழுதுறேன்.