கம்பளத்தில் காபிக் கறை: துடைத்தால் போகிறது, காய்ந்ததும் திரும்ப வருகிறது

கேள்வி (மழைத்துளி):
வணக்கம். ஹாலில் விரித்திருக்கும் கம்பளத்தில் பத்து நாளைக்கு முன் ஒரு கப் பால் காபி அப்படியே கவிழ்ந்துவிட்டது. பதற்றத்தில் வெந்நீரை ஊற்றி, துணி துவைக்கும் பவுடரைத் தூவி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தேன். போய்விட்டது என்றுதான் நினைத்தேன், ஆனால் மறுநாள் காய்ந்ததும் அதே இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பு வளையம். திரும்பக் கழுவினேன், திரும்ப வந்தது. மூன்று தடவை ஆகிவிட்டது, இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாகியிருக்கிறது. பக்கத்தில் போனால் நனைந்த சாக்கு மாதிரி ஒரு வாடை. அந்த இடத்தில் மட்டும் தூசியும் சீக்கிரம் ஒட்டுகிறது. ப்ளீச் போடு என்கிறார்கள், போடலாமா? அம்மா கொடுத்த கம்பளம், தூக்கிப் போட மனசு வரவில்லை.

பதில் (நூல்கண்டு):
ப்ளீச் வேண்டவே வேண்டாம். அது கம்பளியாக இருந்தால் ப்ளீச் இழையையே கரைத்துவிடும், அதற்கப்புறம் யாராலும் சரிசெய்ய முடியாது. முதலில் என்ன இழை என்று தெரிய வேண்டும். ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, இடுக்கியால் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகுகிற வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் செயற்கை இழை. அடிப்பக்கம் என்ன இருக்கிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

மழைத்துளி:
முடி கருகும் வாடைதான், நசுக்கினால் பொடியாகிறது. அடியில் சணல் துணி ஒட்டியிருக்கிறது. மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் அடியில் கை வைத்தால் இன்னும் சில்லென்று ஈரம். கறை மேலே இருப்பதைவிட அடியில் பெரிதாக இருக்கிறது.

பதில் (நூல்கண்டு):
அப்படியானால் விஷயம் புரிந்துவிட்டது. கறை திரும்ப வரவில்லை, அது போகவே இல்லை. நீங்கள் ஊற்றிய தண்ணீர் காபியை அடிவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. மேலே காயக் காய, திரி எண்ணெயை இழுப்பது போல ஒவ்வொரு இழையும் அடியிலிருக்கிற காபித் தண்ணீரை மேலே இழுக்கிறது, தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, நிறம் மட்டும் நுனியில் தங்கிவிடுகிறது. இன்னொன்று, சணல் ரொம்ப நேரம் ஈரமாகக் கிடந்தால் அதிலிருந்தே ஒரு பழுப்புச் சாயம் இறங்கும், அதனால் நீங்கள் பார்க்கிற வளையம் முழுக்கக் காபி என்று சொல்ல முடியாது. தூசி ஒட்டுவதற்குக் காரணம் அலசாமல் விட்ட பவுடர். வெந்நீரும் தப்பு, பாலை அது இழையோடு இறுக்கிவிடும்.

இன்றே கம்பளத்தை இரண்டு நாற்காலிகளின் மேல் தூக்கிப் போட்டு, மேலும் கீழும் காற்றுப் படும்படி மின்விசிறி வையுங்கள். ஈரம் 24 முதல் 48 மணி நேரத்துக்கு மேல் நின்றாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும், உங்களுக்கு வாடை வந்தாயிற்று, அதனால் தள்ளிப் போடாதீர்கள். அடிப்பக்கம் முழுசாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த வேலை.

ஒரு பங்கு வெள்ளை வினிகரில் மூன்று பங்கு பச்சைத் தண்ணீர் கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியைக் கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் கம்பளத்தின் சாயம் ஏறினால் அதோடு நிறுத்திவிட்டு, கம்பளம் கழுவுகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஏறவில்லையென்றால், கம்பளிக்கான ஷாம்பு நாலைந்து சொட்டை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் விட்டு, பிழிந்த துணியால் வளையத்தின் வெளியோரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. அப்புறம் வெறும் தண்ணீரால் ஒற்றுங்கள், கடைசியாக வினிகர் தண்ணீர். காரத்தையும் சணல் பழுப்பையும் குறைப்பது அதுதான்.

உடனே அந்த இடத்தில் வெள்ளைத் துண்டு ஒன்றை நாலாக மடித்து வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள், அதன் மேல் கனமான புத்தகங்கள் அடுக்கி ராத்திரி முழுக்க விடுங்கள். நிறம் இழை நுனியில் நிற்காமல் துண்டுக்குள் ஏறிவிடும். என் அனுபவத்தில் பலரும் விட்டுவிடுவது இந்த ஒன்றைத்தான்.

பதில் (சாளரம்):
எனக்கு சமையல் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து போட்டபோது இதே மாதிரிக் கறை போனது. பூனை சிறுநீருக்கு என்சைம் திரவமும் நன்றாக வேலை செய்தது. முயன்று பார்க்கலாமே?

பதில் (நூல்கண்டு):
உங்களுடையது செயற்கை இழையாக இருந்திருக்கும், அதற்கு இரண்டும் சரி. கம்பளி என்பது முடி, அதாவது புரதம். புரதத்தை அரிக்கும் என்சைம் கறையோடு சேர்த்து இழையையும் அரிக்கும். சோடாவின் காரமும் கம்பளிக்கு ஆகாது. 3 சதவீத பெராக்சைடை வேறு வழியே இல்லாதபோது, மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடலாம். அதுவும் சாயத்தை வெளுக்கக்கூடியதுதான்.

மழைத்துளி (ஆறு நாள் கழித்து):
ரொம்ப நன்றி. காய்வதற்கே இரண்டரை நாள் ஆனது. முதல் ராத்திரிக்குப் பிறகு துண்டை எடுத்துப் பார்த்தபோது, அதில்தான் காபியைக் கொட்டினேனோ என்கிற மாதிரி பழுப்பு வட்டம், ஓரம் கருத்து, நடுவில் வெளிறி. இரண்டாம் ராத்திரி மங்கலாக ஏறியது, மூன்றாவது ராத்திரி துண்டு வெள்ளையாகவே இருந்தது. வாடை போய்விட்டது. ஜன்னல் பக்கம் நின்று சாய்வாகப் பார்த்தால் மட்டும் லேசாக ஒரு நிழல். அந்த இடத்தில் இழை கொஞ்சம் விறைப்பாக நிற்கிறது, அதற்கு என்ன செய்ய?

பதில் (நூல்கண்டு):
கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. விறைப்பு என்றால் இன்னும் கொஞ்சம் சோப்பு மிச்சம் இருக்கிறது. வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு தடவை ஒற்றி, துண்டு வைத்து ஈரத்தை எடுத்துவிட்டு, காய்ந்ததும் மென்மையான பிரஷ்ஷால் இழை சாய்ந்திருக்கும் திசையிலேயே வருடுங்கள். வேக்குவம் போடும்போது கொஞ்ச நாளைக்கு அந்த இடத்தில் சுழலும் பிரஷ் வேண்டாம், வெறும் உறிஞ்சல் போதும்.