கார்த்தியின் கார்ட்டும் சித்தப்பாவின் பட்டறையும்

குழு: பொள்ளாச்சி உறவுகள்
சனிக்கிழமை

கார்த்தி (காலை 7:40)
காலை வணக்கம். செந்தில் சித்தப்பா, உங்களிடம்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். ஆன்லைனில் ஆஃபர் ஓடுகிறது, நாளை ராத்திரியோடு முடிகிறது. காருக்கும் பைக்குக்கும் சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஐந்து பொருளைக் கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.

46 பீஸ் சாக்கெட் செட் – ரூ. 599
2 டன் டிராலி ஜாக்கி – ரூ. 2,450
பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் (நட்டைத் தட்டித் தட்டிச் சுழற்றும் மெஷின்), 48 விஎஃப் என்று போட்டிருக்கிறது – ரூ. 2,999
ஏர் கம்ப்ரஸர், 3 ஹெச்பி – ரூ. 6,800
டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த அளவுக்கு முடுக்குவது) – ரூ. 1,750

எல்லாமே நான் பெயர் கேள்விப்படாத கம்பெனிகள். வாங்கலாமா?

சாந்தி அத்தை (7:52)
கிட்டத்தட்ட பதினைந்தாயிரம் வருகிறதே! சர்வீஸுக்கு விட்டாலே அவ்வளவு ஆகாதே கண்ணு?

கார்த்தி (7:54)
பணத்தை மிச்சம் பிடிக்க மட்டும் இல்லைங்க அத்தை. ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் போடுவது, டயர் கழற்றி மாட்டுவது எல்லாம் என் கையால் செய்து பழக ஆசை.

செந்தில் சித்தப்பா (8:20)
பட்டறை திறக்கும் நேரம், இப்போதுதான் பார்த்தேன். நல்ல ஆசை தம்பி, தாராளமாகச் செய். பேர் தெரியாத கம்பெனி என்பதால் மட்டும் எதையும் ஒதுக்க வேண்டாம். என் பட்டறையிலும் அப்படிப்பட்ட சாமான் நிறைய இருக்கிறது, உழைக்கிறது.

ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, பாதி வேலையில் இது உடைந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேள். இன்னொன்று வாங்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் மலிவானதே போதும். வண்டியின் பாகம் கெடும் என்றால் கொஞ்சம் கூடப் போட்டு நல்லதாக வாங்கு. ஆளுக்கு அடிபடும் என்றால் ஆஃபரைப் பார்த்து வாங்கவே கூடாது. உன் கார்ட்டில் மூன்று வகையும் கலந்து கிடக்கிறது.

கார்த்தி (8:22)
அப்படியானால் ஜாக்கியில் இருந்து ஆரம்பியுங்கள் சித்தப்பா.

செந்தில் சித்தப்பா (8:31)
ஜாக்கியை விட ஸ்டாண்டுதான் முக்கியம், அது உன் பட்டியலிலேயே இல்லை. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும். தூக்கி நிறுத்தி வைப்பது ஸ்டாண்டின் வேலை. எண்ணெய் அழுத்தத்தில் நிற்கும் எந்த ஜாக்கியும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், உள்ளே ஒரு ரப்பர் சீல் போனால் இறங்கிவிடும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது. என் பட்டறையில் பையன்கள் யாராவது அப்படிப் படுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

பெரியப்பா (8:33)
இதை எல்லோரும் ஒரு தடவை படியுங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு தடவை.

கார்த்தி (8:35)
சரி, ஸ்டாண்டு சேர்த்துக்கொள்கிறேன். 2 டன் போதுமா? என் கார் ஒரு டன்னுக்குள்தான் இருக்கும்.

செந்தில் சித்தப்பா (8:40)
தாராளமாகப் போதும். ஒரு பக்கம் தூக்கும்போது முழு எடையும் ஜாக்கி மேல் வராது. மலிவு ஜாக்கியில் நான் சந்தேகப்படுவது டன் கணக்கை இல்லை, சீலையும் வெல்டிங்கையும்தான். வந்தவுடன் ஒரு சோதனை செய். சமதரையில் நிறுத்து, ஹேண்ட் பிரேக் போடு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை வை. டயர் தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பும் அளவுக்குத் தூக்கிவிட்டு, தரைக்கும் டயருக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்துகொள். அரை மணி நேரம் அப்படியே விடு. யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். திரும்ப அளந்தால் இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இறங்கியிருந்தாலோ பிஸ்டன் ஓரத்தில் எண்ணெய் கசிந்தாலோ அன்றே ரிட்டர்ன் போடு.

ஹூஸ்டன் மாமா (8:52)
இங்கே ராத்திரி பத்து மணி தாண்டிவிட்டது, தூங்கப் போகும் முன் பார்த்தேன். மாப்பிள்ளை, ஸ்டாண்டு வாங்கினாலும் ஒரு விஷயம் கவனி. ஹார்பர் ஃப்ரெய்ட் என்று இங்கே ஒரு பெரிய கடை, மலிவு டூல்ஸுக்கே பேர் போனது. 2020ல் அவர்கள் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். பல லட்சம் விற்றிருந்தது. உயரத்தைப் பிடித்து நிறுத்தும் நாக்கு பல்லில் சரியாக விழாமல் நழுவக்கூடும் என்பதுதான் காரணம். அதே வருஷம், மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் ஒரு வகைக்கும் வெல்டிங் குறை என்று திரும்பப் பெற வேண்டி வந்தது.

கார்த்தி (8:55)
ஸ்டாண்டையே நம்ப முடியாது என்றால் என்ன செய்வது மாமா?

ஹூஸ்டன் மாமா (9:01)
பல் வைத்த ஸ்டாண்டுக்குப் பதில் துளையில் பின் கோர்க்கும் ஸ்டாண்டு வாங்கு. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், உயரமும் படிப்படியாகத்தான் மாற்ற முடியும். ஆனால் தடிமனான இரும்பு பின் முழுதாகக் குறுக்கே நுழைந்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். அதற்கு மேல், கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்க வைத்துவிடு. எது நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். இந்த இரண்டாவது வேலைக்குக் காசே தேவையில்லை.

செந்தில் சித்தப்பா (9:04)
மச்சான் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பின் ஸ்டாண்டு நம் ஊர் லேத் பட்டறையிலேயே செய்து தருவார்கள்.

ப்ரியா அக்கா (9:06)
சித்தப்பா, அதில் மட்டும் நான் மறுத்துச் சொல்வேன். எந்தக் கம்பி, எவ்வளவு வெல்டிங் என்று கணக்குப் போடாமல் செய்ததற்கு மேலே காரை நிறுத்துவதில் எனக்குச் சம்மதம் இல்லை. எவ்வளவு எடைக்கு என்று பொறித்த ஸ்டாண்டாக வாங்கட்டும்.

செந்தில் சித்தப்பா (9:10)
சரிம்மா. குவாலிட்டி லேப்பில் வேலை பார்க்கிறவள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். எடை பொறித்ததாகவே வாங்கு தம்பி.

கார்த்தி (9:12)
அப்புறம் அந்த 48 விஎஃப் இம்பாக்ட் ரெஞ்ச்? ரிவ்யூவில் எல்லோரும் சூப்பர் என்கிறார்கள்.

ப்ரியா அக்கா (9:20)
விற்கும் பக்கத்தில் சார்ஜரின் படம் இருக்கும், பெரிதாக்கி அவுட்புட் எவ்வளவு என்று பார்.

கார்த்தி (9:23)
21 வோல்ட் என்று இருக்கிறது அக்கா!

ப்ரியா அக்கா (9:29)
அப்படியானால் உள்ளே ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கிறது. ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஐந்துக்கு 21. வேலை செய்யும்போது ஒரு செல்லுக்கு 3.6 என்று வைத்தால் 18 வோல்ட். பெரிய கம்பெனிகள் 18 வோல்ட் என்று விற்பதும் இதே ஐந்து செல் அமைப்புதான். 48 விஎஃப், 88 விஎஃப் என்பதெல்லாம் விற்பதற்காக ஒட்டிய எண். விஎஃப் என்று மின்சாரத்தில் ஓர் அளவே கிடையாது.

பேட்டரியின் எடையையும் கேள். சாதாரண 18650 செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம். பத்து செல் போட்டிருந்தால் செல் மட்டுமே 450 கிராம் வரும். மொத்த பேட்டரியே 350 கிராம்தான் என்றால் உள்ளே ஐந்துக்கு மேல் இல்லை. அப்போது 15,000 எம்ஏஹெச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று போட்டிருப்பதையும் நம்ப முடியாது.

கார்த்தி (9:31)
15,000 என்றேதான் போட்டிருக்கிறது!

செந்தில் சித்தப்பா (9:40)
அதை விட்டுவிடு தம்பி. வருஷத்துக்கு இரண்டு தடவை டயர் கழற்ற உனக்கு அது தேவையே இல்லை. இழுத்தால் நீளும் எல் ஸ்பேனர் ஒன்று போதும். அந்த மெஷினில் நட்டைக் கழற்றுவதை விட முடுக்குவதுதான் ஆபத்து. அளவு தெரியாமல் முடுக்கினால், நட்டு ஏறும் தண்டான ஸ்டட் இழுபடும். அப்புறம் ராத்திரி வழியில் பஞ்சர் ஆகி நின்றால், டிக்கியில் இருக்கும் ஸ்பேனரால் உன் வீட்டு ஆட்கள் அதைக் கழற்ற முடியாது. எப்போதாவது இம்பாக்ட் வாங்கினால், கறுப்பாக வரும் இம்பாக்ட் சாக்கெட்தான் அதில் போட வேண்டும். பளபளப்பான குரோம் சாக்கெட் கைவேலைக்கு ஆனது, அந்த அடியில் வெடித்துச் சிதறலாம்.

சாந்தி அத்தை (9:44)
ஒன்று குறைந்தது. 599 ரூபாய் செட்டாவது நல்லதா? வீட்டில் ஃபேன், சைக்கிள் எதற்கும் ஒரு திருப்புளி சரியாக இல்லை.

செந்தில் சித்தப்பா (9:51)
வீட்டுக்கு நல்லதுதான், வாங்கட்டும். ஆனால் 46 என்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இந்த மாதிரி செட்டில் சாக்கெட் பதின்மூன்று வந்தால் அதிகம், 4 எம்எம் முதல் 14 வரை. மீதி பெரும்பாலும் திருப்புளி முனைகளும் ஆலன் கீயும். சாக்கெட்டை மாட்டித் திருப்பும் கைப்பிடியான ராட்செட்டும் கால் அங்குலச் சதுரம், சின்னது. பேனல், பேட்டரி கிளாம்ப், ஏர் ஃபில்டர் வரைக்கும் தைரியமாக எடு. சக்கர நட்டுக்கு அதில் சாக்கெட்டே இருக்காது. பைக் ஆக்ஸில் நட்டு, ஆயில் டிரெய்ன் போல்ட் போன்ற இறுகிய இடங்களில் அந்த ராட்செட்டைப் போட்டு இழுத்தால் உள்பல் நொறுங்கும், கை போய் எங்காவது இடிக்கும்.

அடிக்கடி எடுக்கும் 8, 10, 12, 14, 17 மட்டும் ரிங் ஸ்பேனராக நல்லது வாங்கு. டபாரியா போதும், நாசிக்கில் செய்வது, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கடைக்குப் போகும்போது 10 எம்எம் தலை உள்ள புது போல்ட் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போ. ஸ்பேனரை மாட்டி இரண்டு பக்கமும் ஆட்டிப் பார். லொட லொட என்று ஆடினால் வேண்டாம். ஸ்பேனர் கெட்டால் அது மட்டும் போகும், போல்ட் தலை ரவுண்டு ஆகிவிட்டால் அதை எடுக்க நாலு மணி நேரம் போகும். சாக்கெட்டும் அறுமுனையாகப் பார்த்து வாங்கு, பன்னிரண்டு முனை போல்ட்டின் மூலையை மட்டுமே பிடிக்கும்.

பெரியப்பா (9:58)
உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் பழைய ஸ்பேனர் கிடைக்குமே?

செந்தில் சித்தப்பா (10:02)
கிடைக்கும் அண்ணா, நன்றாகவே இருக்கும். வாய் விரியாமல், விரிசல் இல்லாமல் இருந்தால் பழைய ஃபோர்ஜிங் ஸ்பேனரை மிஞ்ச முடியாது. பழைய ஜாக்கி மட்டும் வேண்டாம்.

கார்த்தி (10:05)
கம்ப்ரஸர்?

ப்ரியா அக்கா (10:11)
பிளக் எந்த அளவு என்று பார். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கா, ஏசிக்குப் போடும் 16 ஆம்பியரா?

கார்த்தி (10:12)
6 ஆம்பியர் போலத்தான் படத்தில் தெரிகிறது.

ப்ரியா அக்கா (10:16)
230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட். ஒரு ஹெச்பி 746 வாட். அந்த பிளக் வழியாக இரண்டு ஹெச்பிகூட உள்ளே போகாது, வெளியே எப்படி மூன்று வரும்?

பெரியப்பா (10:20)
கோயமுத்தூரில் இருந்துகொண்டு பேர் தெரியாத கம்ப்ரஸரை ஆன்லைனில் வாங்குவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. கம்ப்ரஸர் செய்யும் எல்ஜி (ELGi) இங்கே 1960ல் தொடங்கியது. சின்ன கம்பெனிகளும் எத்தனையோ இருக்கின்றன. சேஃப்டி வால்வோ பிரஷர் சுவிட்சோ போனால் நேரில் போய் வாங்கலாம்.

செந்தில் சித்தப்பா (10:24)
இவனுக்குக் கம்ப்ரஸரே வேண்டாம் அண்ணா. டயருக்குக் காற்றுதானே? காரில் செருகும் 12 வோல்ட் இன்ஃப்ளேட்டர் மலிவாகவே வாங்கட்டும். 150 பிஎஸ்ஐ என்று போட்டிருப்பதைக் கண்டுகொள்ளாதே, நமக்குத் தேவை முப்பது சொச்சம். நல்ல கேஜ் உள்ள இடத்தில் ஒரு தடவை ஒப்பிட்டு, எவ்வளவு கூடக் குறைய காட்டுகிறது என்று அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடு.

கார்த்தி (10:27)
ஆக, மீதி டார்க் ரெஞ்ச்தான். அதுவும் வேண்டாமா?

ப்ரியா அக்கா (10:40)
இதை வாங்கு! மலிவானதிலும் நன்றாக வேலை செய்வது இருக்கிறது, வீட்டிலேயே சோதிக்கவும் முடியும். சித்தப்பா பட்டறையில் வைஸ் (மேஜையில் பொருளை இறுக்கிப் பிடிப்பது) இருக்கிறது. ரெஞ்சின் சதுர முனையை வைஸில் இறுக்கி, தண்டு தரைக்கு இணையாக நிற்கும்படி வை. கைப்பிடியின் நடுவில், சதுர முனையின் மையத்தில் இருந்து சரியாக 40 செ.மீ. தள்ளி, 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடு. கேனையும் சேர்த்து எடை போட்டுக்கொள். 20.5 கிலோ என்றால் 20.5 × 9.8 × 0.4, ஏறக்குறைய 80 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் அளவை 70ல் வைத்துக் கேனை மெதுவாக விட்டால் ரெஞ்சில் கிளிக் சத்தம் வர வேண்டும். 95ல் வைத்தால் வரக் கூடாது. ரெஞ்சின் சொந்த எடையும் இரண்டு மூன்று சேர்க்கும் என்பதால் அதை விட நுணுக்கமாக இப்படி அளக்க முடியாது, சக்கர நட்டுக்கு இது போதும். ஒரே அளவில் ஐந்து தடவை செய்து, ஐந்திலும் ஒரே மாதிரி நடக்கிறதா என்று பார். ஒரு தடவை கிளிக் வந்து ஒரு தடவை வராமல் போனால் திருப்பி அனுப்பிவிடு.

சக்கர நட்டுக்கு எவ்வளவு என்பது கார் கையேட்டில் இருக்கும். கழற்றுவதற்கு இந்த ரெஞ்சை எடுக்காதே. வேலை முடிந்ததும் அளவைக் கடைசிக் கோட்டுக்கு இறக்கி வை, இல்லையென்றால் ஸ்பிரிங் தளரும்.

கார்த்தி (10:43)
அப்போது பைக் ஆயில் போல்ட்டுக்கும் இதுவே போதுமா அக்கா?

ப்ரியா அக்கா (10:46)
எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கார்த்தி (10:47)
28 முதல் 210 வரை.

ப்ரியா அக்கா (10:50)
போதாது. கிளிக் ரெஞ்ச் அதன் கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் அவ்வளவு துல்லியமாக இருக்காது. பைக்கில் பல போல்ட்டுகள் 28க்கும் கீழேதான். இன்ஜினில் திரெட் அலுமினியத்தில் இருக்கிறது, போனால் செலவு பெரிது. அதற்குச் சின்ன ரெஞ்ச் தனியாக வேண்டும். இப்போதைக்குப் பைக்கைச் சித்தப்பாவிடமே கொண்டு போ.

கார்த்தி (11:02)
கார்ட்டை மாற்றிவிட்டேன். சாக்கெட் செட், ஜாக்கி, டார்க் ரெஞ்ச், 12 வோல்ட் இன்ஃப்ளேட்டர் ஆன்லைனில். எடை பொறித்த பின் ஸ்டாண்டு ஒரு ஜோடியும் ஐந்து ரிங் ஸ்பேனரும் எல் ஸ்பேனரும் நேரில் கடையில் பார்த்து வாங்குகிறேன். இம்பாக்டும் கம்ப்ரஸரும் எடுத்துவிட்டேன்.

செந்தில் சித்தப்பா (11:06)
பாக்கெட்டில் போல்ட்டை மறந்துவிடாதே. சாமான் வந்ததும் அட்டைப் பெட்டியைக் கிழிக்காமல் பில்லோடு இங்கே எடுத்து வா. ரிட்டர்ன் தேதிக்குள் ஜாக்கியையும் ரெஞ்சையும் சோதித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் வைஸ் காலியாக இருக்கும்.

சாந்தி அத்தை (11:08)
தண்ணீர் கேன் நம் வீட்டில் இரண்டு இருக்கிறது, ஒன்றை எடுத்துக்கொண்டு போ. சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடுங்கள் இரண்டு பேரும்.