‘ஹவுஸ், மெட்ராஸ்’ என்று மட்டும் மிச்சமிருந்த கடற்கரை அட்டை

அப்பாவின் தகரப் பெட்டியைப் போன வருஷம் ஒழித்தபோது, நிலப் பத்திரங்களுக்கு நடுவே ஒரு பட அஞ்சலட்டை கிடைத்தது. தாத்தாவின் பெரியப்பா சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு எழுதியது. படத்தில் கடல், இரண்டு படகுகள், பின்னால் மரங்கள், மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம். வண்ணம் கையால் பூசியது போலிருந்தது. வானம் முழுக்க ரோஜா நிறம். கீழே அச்சிட்டிருந்த ஆங்கிலப் பெயரின் முன்பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. ‘ஹவுஸ், மெட்ராஸ்’ என்பது மட்டும் மிச்சம்.

அது எந்த ஹவுஸ்? சென்னைக் கடலோரத்தில் அப்படி முடிகிற பெயர் ஒன்றா இரண்டா?

முதலில் ஐஸ் ஹவுஸ் என்றுதான் நினைத்தேன். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842ல் கட்டியது. 1897ல் விவேகானந்தர் அங்கே தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். ஆனால் அதன் முகப்பு உருண்டையாக இருக்கும், உயரமான கோபுரம் கிடையாது. சரி, அது இல்லை. என் கணவர் செனட் ஹவுஸ் என்று அடித்துச் சொன்னார். சிஷோம் வடிவமைத்து 1879ல் கட்டி முடித்த பல்கலைக்கழகக் கட்டடம். அதற்கு நாலு மூலையிலும் கோபுரம் உண்டு. மற்ற மூன்றும் மரங்களில் மறைந்திருக்கலாம் என்பது அவர் வாதம். நானும் கொஞ்ச நாள் அதையே நம்பினேன்.

லைட் ஹவுஸை மட்டும் நான் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டேன். மெரினாவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறதே, அது 1977ல்தான் வேலைக்கு வந்தது. இந்த அட்டையோ அதற்கு எவ்வளவோ முந்தியது. அங்கேதான் தப்புச் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோபுரத்தின் உச்சியில், குமிழுக்கு மேலே, கண்ணாடிக் கூண்டு மாதிரி ஏதோ தெரிந்தது. சற்றுத் தள்ளி, மரங்களுக்கு நடுவே, ஒற்றைத் தூண் ஒன்று. அதுவரை அதை ஏதோ ஆலைப் புகைபோக்கி என்றே எண்ணியிருந்தேன். புகைபோக்கிக்குத் தலையில் சின்ன மாடம் எதற்கு? படமெடுத்து, வக்கீலாக இருக்கும் சித்தி மகனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டான். “அக்கா, இது எங்க ஹைகோர்ட். அந்தத் தூணைத் தாண்டித்தானே நான் தினமும் போறேன்!”

தூணும் கலங்கரை விளக்கம், கோபுரமும் கலங்கரை விளக்கம். சென்னையின் முதல் விளக்கு 1796ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மாடியில் எரிந்தது. அப்புறம் கோட்டைக்கு வடக்கே இந்தத் தூணைக் கட்டி 1844 ஜனவரி 1 அன்று ஏற்றினார்கள். 1892ல் உயர் நீதிமன்றம் வந்தது. அதன் பெரிய கோபுரம் ஏறக்குறைய 175 அடி. தூணைவிட அது உயரம் என்பதால் 1894ல் விளக்கைக் கோபுரத்துக்கே மாற்றிவிட்டார்கள். நீதிமன்றத்தின் தலையில் எண்பது வருஷத்துக்கு மேல் கப்பல்களுக்கான விளக்கு எரிந்திருக்கிறது! 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டபோதும் அது அங்கேதான். கெட்டிக்காரப் பயலை ‘எம்டன்’ என்று எங்கள் பாட்டி சொல்வாள், அந்த எம்டன்தான்.

இன்னொன்றும் என்னைக் குழப்பியிருந்தது. படத்தில் கடல் அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. இன்று அங்கே நின்றால் துறைமுகச் சுவரும் லாரிகளும்தான் கண்ணில் படும். ஒரு காலத்தில் அலை தெருவோரம்வரை வந்த இடம் அது. பெயர் மட்டும் ‘பீச்’ ரயில் நிலையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1876ல் தொடங்கிய துறைமுக வேலையில் கடலுக்குள் கல் சுவர் நீட்ட, வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. பழைய கடற்கரைப் படத்தை இன்றைய கரையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.

காலத்தை அஞ்சல்தலை சொல்லிவிட்டது. பச்சை நிற அரையணா, எட்வர்ட் மன்னர் தலை. அவர் தலை போட்டது 1902ல் வந்தது, 1911ல் ஜார்ஜ் மன்னர் தலைக்கு மாறியது. ஆக, அந்தப் பத்து வருஷத்துக்குள்.

கடைசியாக, படத்தின் ஓரத்தில் அவர் எழுதியிருந்த வரி. அந்தக் காலத்துக் கையெழுத்து, புள்ளியே வைக்காமல். ‘இதன மேல கிளககு’ என்று படித்து, மேற்கு, கிழக்கு என்று தான் தங்கிய வீட்டுக்கு ஏதோ வழி எழுதியிருக்கிறார் என்று விட்டுவிட்டேன். இப்போது திரும்பப் பார்த்தால் அது ‘கி’ இல்லை, ‘வி’. ‘இதன் மேல் விளக்கு ராத்திரி எரியும்.’ முதல் நாளே விடையை அவர் என் கையில் கொடுத்திருந்தார். அந்த வரியைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன் அக்கா. எங்கள் மாமா வைத்திருந்த பிரெஞ்சுக்கால அட்டையில் கடற்கரையில் உயரமான கல்தூண்கள், நடுவே ஒரு சிலை. பார்த்தவுடன் காந்தி சிலை என்று சொல்லிவிட்டேன். தூண்கள் அதேதான், செஞ்சியிலிருந்து வந்தவை. ஆனால் சிலையின் காலில் முழங்கால் உயரத்துக்குப் பூட்ஸ்! அது பிரெஞ்சு ஆளுநராக இருந்த துப்ளேக்ஸ். 1870ல் வைத்த சிலை. இப்போது கூபேர் சாலையின் தெற்குக் கோடியில் குழந்தைகள் பூங்காவில் நிற்கிறார். நாங்கள் சின்ன வயதில் சறுக்குமரம் விளையாடிய இடம் அது. அவர் யாரென்று கேட்டதே இல்லை.

சிலைக்கு எதிரே கடலுக்குள் நீள்கிற பாலத்தையும் தெற்கே இருக்கிற புதுப் பாலம் என்று நினைத்தேன். அது 1866ஆம் வருஷத்து இரும்புப் பாலம், 1952 புயலில் போய்விட்டது. அதில் நடந்து போய் மீன் பிடித்ததாக மாமா சொல்வார். நாங்கள் புதுப் பாலத்தைத்தான் சொல்கிறார் என்று இருந்துவிட்டோம். அட்டையைக் காட்டிக் கேட்க இப்போது அவர் இல்லை.

*

வணக்கம் அக்கா, நான் கொழும்பு. அப்பம்மாவின் அலுமாரியில் இருந்த அட்டையில் தெரு நடுவே ஒரு மணிக்கூட்டுக் கோபுரம். மணிக்கூட்டுக்கு மேலே விளக்குக் கூடு. கொழும்பின் கோட்டைப் பகுதியில் இன்றும் நிற்கிறது, பஸ்ஸில் போகும்போது எத்தனை தரம் பார்த்திருப்பேன்! மணிக்கூடு மட்டும்தான் கண்ணில் பட்டது. 1857இல் மணிக்கூடாகக் கட்டி, 1867இல் விளக்கும் ஏற்றினார்களாம். பிறகு சுற்றிவரக் கட்டடங்கள் எழும்பி, கடலில் இருந்து பார்க்கிறவர்களுக்கு வெளிச்சம் மறைந்துபோக, 1952இல் அணைத்துவிட்டார்கள். வடிவமைத்தது ஆளுநர் வார்டின் மனைவி. மணிக்கூடு இன்னும் இருக்கிறபடியால் அது கலங்கரை விளக்கமாக இருந்ததே ஆட்களுக்கு மறந்துபோச்சு.

*

புதுச்சேரித் தம்பி, அந்த அட்டையின் பின்பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள். மாமா எதுவும் எழுதவில்லை என்றாலும், அவருக்கு அதை அனுப்பியவர் ஏதாவது எழுதியிருப்பார்.