ஊர்ப் பணம் 3 லட்சத்து 40 ஆயிரம்: நினைவுத் தூணா, உதவி அறையா?

பாலாற்றங்கரையான்:
எங்கள் ஊர் வேலூர் மாவட்டம், கணியம்பாடி பக்கம். அருகிலிருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் வீடு உண்டு. பட்டாளத்துக்குப் போனவர்கள் நினைவாக ஏதாவது செய்யலாம் என்று இரண்டு வருடமாக வசூல் செய்து 3 லட்சத்து 40 ஆயிரம் சேர்ந்திருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் கருங்கல் தூண் வைப்பதாகப் பேச்சு.

நான் அதற்குப் பதிலாக ஓர் உதவி அறை கேட்கிறேன். பூட்டிக் கிடக்கும் பழைய நூலக அறையில் ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர், கைரேகைக் கருவி. வாரத்தில் இரண்டு நாள், விவரம் தெரிந்த இரண்டு பேர். வயதான பென்ஷன்காரர்களுக்கு லைஃப் சர்டிபிகேட் போட்டுக் கொடுப்பது, விதவைகளுக்குக் குடும்ப பென்ஷன் காகிதம் சரி செய்வது, பிள்ளைகளின் படிப்பு உதவிக்கு விண்ணப்பிப்பது, இவ்வளவுதான். முன்பெல்லாம் பேங்க் மேனேஜரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்துக்குப் போய்விட்டது. வருடம் ஒருமுறை உயிரோடு இருக்கிறோம் என்று காட்டாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். எழுபத்தைந்து வயதுக்காரர், அதுவும் விவசாயம் பார்த்து ரேகை தேய்ந்த கை. கருவி எடுக்காது. செல்போனில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

தூண் வேண்டும்:
தம்பி, வசூல் நோட்டீசில் நினைவுத் தூண் என்று அச்சடித்துத்தான் பணம் வாங்கினோம். கொடுத்தவர்களிடம் கேட்காமல் மாற்றுவது சரியில்லை.

அப்புறம், கல்லைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-19 பெரும்போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று. நூறு வருடம் கழித்தும் நமக்கு அது தெரிவதற்கு அந்தக் கல்தான் காரணம். கம்ப்யூட்டர் ஐந்து வருடத்தில் பழசாகிவிடும்.

பாலாற்றங்கரையான்:
அந்தக் கல்லை நானும் பார்த்திருக்கிறேன், அண்ணா. அதில் எண்தான் இருக்கிறது. அந்த 14 பேரின் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாருக்காவது தெரியுமா? என் கவலையே அதுதான்.

நோட்டீஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். பணம் கொடுத்தவர்களைக் கூட்டிக் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

கொத்தனார் மகன்:
இரண்டுக்கும் நான் எதிர்ப்பு. கோபப்படாமல் படியுங்கள்.

பட்டாளத்தில் இருந்தவருக்கு பென்ஷன் உண்டு. 2014 ஜூலை முதல் கணக்கிட்டு ஒரே பதவி ஒரே ஓய்வூதியமும் வந்துவிட்டது. 2003-ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது, வேலூரிலேயே அதன் கிளினிக் இருக்கிறது. ராணுவக் கேன்டீன் இருக்கிறது. மத்திய அரசு குரூப் சி வேலையில் 10 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாடு அரசு, முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ மூலம் காவலர் வேலை தருகிறது. தொழில் தொடங்க 'காக்கும் கரங்கள்' திட்டத்தில் மானியத்தோடு ஒரு கோடி வரை கடன் என்கிறார்கள். இதற்கு மேல் டிசம்பர் 7-ஆம் தேதி படைவீரர் கொடிநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வரை உண்டியலில் போடுகிறோம்.

என் அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தார். கட்டடத் தொழிலாளர் நலவாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டதால் ஒரு பைசா வரவில்லை. எங்கள் வீட்டுக்கு எந்த உதவி அறையும் வரவில்லை. உழைத்து உடம்பு கெட்ட எல்லாரும் ஒன்றுதானே? ஊர்ப் பணம் என்றால் ஊருக்குத்தான்.

நாயக் வீட்டுப் பெண்:
அண்ணா, உங்கள் அப்பாவுக்கு நடந்தது கொடுமை. நீங்கள் சொன்ன பட்டியலும் சரிதான். ஆனால் அந்தப் பட்டியலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே என்ன இருந்தது என்று சொல்கிறேன்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் 17 வருடம் இருந்து நாயக் என்ற பதவியோடு வந்தவர். ஓய்வு பெற்று ஒன்பதாம் வருடம் மாரடைப்பில் போய்விட்டார். பட்டாளப் பதிவில் அம்மா பெயர் 'சரோஜா' என்று இருக்கிறது. ஆதாரில் 'சரோஜம்மாள்'. பதிவில் பிறந்த தேதியே இல்லை, வெறும் வருடம். அப்பா பெயரிலும் குழப்பம். நாம் இனிஷியல் வைக்கிறோம், அங்கே அப்பா பெயரை விரித்து எழுதி ஒரே பெயராக்கிவிட்டார்கள். மூன்று காகிதத்தில் மூன்று ஆள் மாதிரி இருந்தார்.

பதினான்கு மாதம் ஒரு ரூபாய் வரவில்லை. ஒரு அலுவலகத்தில் பார்ட் டூ ஆர்டர் எங்கே என்று கேட்டார்கள். கல்யாணம், குழந்தை பிறப்பு இதையெல்லாம் பட்டாளப் பதிவில் ஏற்றும் உத்தரவு அது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இன்னொரு அலுவலகத்தில் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள் என்றார்கள். எந்த முகவரிக்கு, எந்த மொழியில், என்ன இணைத்து என்று யாரும் சொல்லவில்லை. நகையை அடகு வைத்துத்தான் நான் பிளஸ் டூ பரீட்சைக்குப் பணம் கட்டினேன். கடைசியில் இரண்டு ஊர் தள்ளி இருந்த ஒரு ஓய்வு பெற்ற சுபேதார் ஐயா, அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கை ஒரு மணி நேரம் புரட்டிப் பார்த்து, ஒரே ஒரு கடிதமும் ஒரு அஃபிடவிட்டும் தயார் செய்து கொடுத்தார். மூன்று மாதத்தில் பணம் வந்தது, நிலுவையோடு.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் ஊர் தர வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. போரில் இறந்தால் முழுச் சம்பளமும் குடும்ப பென்ஷனாக வரும். ஓய்வுக்குப் பின் நோயில் இறந்தால், தொடக்க ஆண்டுகள் போக, கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். தூணில் எங்கள் அப்பா பெயர் வருமா, வராதா? அதையும் சொல்லுங்கள்.

ஓய்வு ஹவில்தார்:
நான் 24 வருடம் சர்வீஸ். உதவி அறை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, பயத்தைச் சொல்கிறேன்.

முதல் பயம், ஏமாற்று. நிலுவைத் தொகை வந்தவுடன் பத்து சதவீதம் கேட்கிற புரோக்கரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவு எண், ஆதார், பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எல்லாவற்றையும் ஒரு அறையில் பையன்களிடம் கொடுப்பது, வீட்டுச் சாவியைத் தெருவில் தொங்கவிடுவது மாதிரி.

இரண்டாவது மரியாதை. எல்லையில் நின்றவன் ஊர்க்காரன் முன்னால் 'எனக்கு மனு எழுதிக் கொடு' என்று வரிசையில் நிற்க மாட்டான். சில பேர் பட்டினி கிடப்பார்களே தவிர வர மாட்டார்கள். என்னோடு இருந்தவர்களில் அப்படி இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

பாலாற்றங்கரையான்:
ஐயா, இரண்டும் முக்கியம். பாஸ்வேர்டு எதையும் அறையில் எழுதி வைக்கக் கூடாது. மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்தால்தான் திரையைத் திறப்பது. ஓ.டி.பி.யை அவர்களே தட்ட வேண்டும். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது, பிரிண்டர் தாளுக்குக் கூட.

வரமாட்டார்கள் என்பதற்கு ஒரு வழி, அங்கே உட்காருவது நீங்களாக இருக்க வேண்டும். பட்டாளத்துக்காரரிடம் பட்டாளத்துக்காரர் பேசினால் அது மனு எழுதுவதாக இருக்காது.

கொத்தனார் மகன்:
தங்கச்சி எழுதியதைப் படித்தேன். பதினான்கு மாதம் என்பது பெரிய தண்டனை. என் பேச்சில் பட்டியல் இருந்தது, பட்டியல் கையில் கிடைக்காத ஆட்கள் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் வாதமே எனக்கும் பொருந்தும். எங்கள் அப்பாவின் நலவாரிய அட்டையும் காகிதப் பிரச்சினைதான். அறை திறந்தால் அதன் வாசலில் 'முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும்' என்று எழுதினால் நான் ஒரு ரூபாயும் தரமாட்டேன்.

ஓய்வு ஹவில்தார்:
தம்பி கேட்பது நியாயம். ஆனால் எல்லாருக்கும் என்று திறந்தால், கூட்டம் அதிகமாகி மறுபடியும் விதவைகள்தான் கடைசியில் நிற்பார்கள். பட்டாளக் காகிதம் தனி வித்தை. அதற்கென்று ஒரு நாள் தனியாக இருக்க வேண்டும்.

பென்ஷனே இல்லாத ஆட்களையும் யாரும் பேசவில்லை. பதினைந்து வருடம் முடியாமலே வீட்டுக்கு அனுப்பப்பட்ட பழைய சிப்பாய்கள் இருக்கிறார்கள். அதில் 65 வயது தாண்டியவர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் கொடிநாள் நிதியிலிருந்து மாதம் 4,000 ரூபாய் தந்தார்கள், 2025 நவம்பர் முதல் அது 8,000. பிள்ளைகள் படிப்புக்கு மாதம் 1,000 இருந்தது 2,000 ஆகியிருக்கிறது. ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். நம் ஊரில் எத்தனை பேர் வாங்குகிறார்கள்? எனக்குத் தெரிந்து ஒருவர்.

அடுத்து அக்னிவீர் பையன்கள், குறுகிய காலத்துக்குப் படையில் சேர்க்கப்படுபவர்கள். நாலு வருடம், நூற்றுக்கு 25 பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சுமார் 11 லட்சத்து 71 ஆயிரத்தோடு வீட்டுக்கு வருவார்கள். பென்ஷன் கிடையாது, இ.சி.எச்.எஸ். கிடையாது. 22, 23 வயதில் அவ்வளவு பணத்தோடு வரும் பையனுக்கு வழி சொல்ல ஆள் வேண்டும்.

தூண் வேண்டும்:
தங்கச்சி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். போரில் இறந்தவர்கள் பெயர் மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுடைய அப்பா பெயர் வரக்கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெயர்களை முதலில் வீடு வீடாகப் போய் எழுதி எடுக்கிறேன். போனவர்கள் எல்லார் பெயரும். எந்த வருடம், எந்த ரெஜிமென்ட், இப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று. அந்த நோட்டு உங்கள் அறைக்கும் உதவும்.

தூணை நான் விடமாட்டேன். சின்னதாக இருந்தாலும் கல் வேண்டும்.

பாலாற்றங்கரையான்:
நன்றி அண்ணா. நோட்டு எடுக்கும்போது நானும் வருகிறேன்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பணம் கொடுத்தவர்கள் எல்லாரையும் கூப்பிடுகிறோம். தூணுக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு, பட்டாளத்துக்கு எந்த நாள், மற்றவர்களுக்கு எந்த நாள் என்று அங்கே பேசலாம். கொத்தனார் மகன் அண்ணா, நீங்கள் அவசியம் வர வேண்டும், உங்கள் எதிர்ப்பை அங்கேயும் சொல்லுங்கள். பென்ஷன் பிரச்சினை இருப்பவர்கள் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார் மூன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரிஜினலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

நாயக் வீட்டுப் பெண்:
அந்த சுபேதார் ஐயாவிடம் பேசிவிட்டேன். கண் சரியாகத் தெரியவில்லையாம், யாராவது வண்டியில் கூட்டிப் போனால் வருகிறேன் என்றார்.

கொத்தனார் மகன்:
என்னிடம் வண்டி இருக்கிறது. ஊர் பெயரை மட்டும் சொல்.