மறு: குறிப்புச் செயலியில் ‘டிஃப்’: ‘ஒப்புநோக்கு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆப்சிடியன் என்ற குறிப்புச் செயலி குறிப்புகளை வெறும் மார்க்டவுன் (எளிய உரை) கோப்புகளாகவே சேமிப்பதால், கோப்புகளின் பழைய படிகளைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளுக்கான செருகுநிரலைப் போட்டதும் எந்தக் குறிப்பில் என்ன மாறியது என்று செயலிக்குள்ளேயே பார்க்க முடிகிறது. இப்படி இரண்டு படிகளுக்கிடையே மாறியதைக் காட்டுவதை ஆங்கிலத்தில் ‘டிஃப்’ என்பார்கள். அதைக் காட்டும் திரைக்குத்தான் இப்போது தமிழில் பெயர் வேண்டும்.

‘மாற்றக் காட்சி’ என்ற பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. பொத்தானில் பொடி எழுத்தில் பார்க்கிறவர் அதை ‘மாற்றுக் காட்சி’ என்று படித்து, வேறு தோற்றத்துக்குப் போகும் பொத்தான் என்று நினைத்துவிடுவார். ‘வேறுபாடு’ நல்ல சொல், தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்குவதும்கூட. ஆனால் அது விளைவின் பெயர். ‘இந்த இரண்டையும் டிஃப் செய்து பார்’ என்பதை அதை வைத்துச் சொல்ல வராது.

ஆகவே ‘ஒப்புநோக்கு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மூலப்படியையும் அச்சுப்படியையும் அருகருகே வைத்து வரிக்கு வரி சரிபார்ப்பதைப் பதிப்புத்துறையில் ஒப்புநோக்குதல் என்றுதான் சொல்கிறார்கள். 1974இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்போடு வந்த டிஃப் நிரல் செய்ததும் இதே வேலைதான். செயல் ஒப்புநோக்கு, கிடைப்பது வேறுபாடு, பார்ப்பது ஒப்புநோக்குத் திரை என்று மூன்றும் குழப்பமில்லாமல் பிரிந்து நிற்கும். ‘ஒப்பிடு’ போதாதா என்று கேட்கலாம். எதையும் எதோடும் ஒப்பிடலாம். ஒப்புநோக்கு என்றதும் ஒரே பனுவலின் இரண்டு படிகள்தாம் நினைவுக்கு வருகின்றன. அதனால் இதையே விரும்புகிறேன்.

அப்புறம், எந்த அளவில் ஒப்புநோக்குவது என்பது. நிரலில் வரிவாரியாகப் பார்த்தால் போதும். குறிப்பில் அப்படியில்லை. நீளமான ஒரு பத்தி முழுவதும் கிட்டுக்கு ஒரே வரி. ஒரு காற்புள்ளியை நீக்கினாலும் மொத்தப் பத்தியும் சிவப்பில் (பழையது) ஒருமுறை, பச்சையில் (புதியது) ஒருமுறை வந்து நிற்கும். மாறிய சொற்களை மட்டும் காட்டும் கிட்டின் ‘வேர்ட்-டிஃப்’ விருப்பம் இதற்காகவே இருக்கிறது. அதைச் ‘சொல்வாரி ஒப்புநோக்கு’ எனலாம்.

அடுத்தது ‘எழுத்துவாரி’. இதில் கவனம் வேண்டும். நமக்கு ‘கி’ ஓர் எழுத்து. யூனிகோடில் அது ககர மெய்யும் அகரமும் சேர்ந்த ‘க’ ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறிப்புள்ளிகள் (தனித்தனி எண் கொண்ட குறிகள்). ‘கி’யை ‘கீ’யாகத் திருத்தினால், குறியை மட்டும் தனியே பிரித்து நிறமிடும் செயலியில் அந்தக் குறி புள்ளிவட்டத்தோடு அனாதையாகத் தொங்கும். நாம் ‘எழுத்துவாரி’ என்று எழுதினால் முழு எழுத்தையே குறிக்கவேண்டும். குறியை மட்டும் பிரித்துக் காட்டுவதற்குக் ‘குறிவாரி’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்வோம்.

இதைவிடத் தொல்லையான ஒன்றும் உண்டு. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், பைட்டுகள் வேறு. அதனால் கிட் மாற்றம் என்று காட்டும், பயனர் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. இதற்குக் ‘குறியேற்ற வேறுபாடு’ என்று பெயர் வைத்து, செயலியே அதைச் சொல்லிவிட்டால் நல்லது. தமிழில் குறிப்பெழுதுகிறவருக்கு உண்மையில் உதவும் சொல் இதுவே.

‘கமிட்’டை (கிட்டில் ஒரு கட்டத்து மாற்றங்களைச் சேமிப்பதை) அப்படியே விட்டிருக்கிறேன். ‘பதிவு’ என்று போட்டால் குறிப்பைச் சொல்கிறோமா கமிட்டைச் சொல்கிறோமா என்று தெரியாது. ‘ஹங்க்’குக்கு (டிஃப்பில் அடுத்தடுத்து மாறிய வரிகளின் தொகுதிக்கு) இப்போதைக்கு ‘மாற்றத் துண்டு’. கொஞ்சம் நீளம்தான், சுருக்கமான சொல் தோன்றினால் எழுதுங்கள், மொழிபெயர்ப்புக் கோப்பில் மாற்றிவிடுகிறேன்.