பால் காளானை எப்படி அறிந்துகொள்வது?

மடிப்பாக்கம்வாசி:
எங்கள் வீட்டில் இதுவரை பட்டன் காளானைத் தவிர வேறு எதையும் சமைத்ததில்லை. அது தீர்ந்துவிட்டதென்று கடைக்காரர் இம்முறை பால் காளான் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். குடை உள்ளங்கை அகலம் இருக்கிறது. தண்டு கட்டைவிரலைவிடத் தடிமனாக இருக்கிறது. முகர்ந்து பார்த்தால் லேசான முள்ளங்கி வாடை வருகிறது. இந்த வாடை இயல்பானதுதானா? தண்டையும் உண்ணலாமா? மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பின் புல்தரையில் முளைக்கும் பெரிய வெள்ளைக் காளானும் இதுவும் ஒன்றே என்கிறார் என் மாமியார். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

செங்குன்றம் காளான் பண்ணை:
அந்த வாடை பால் காளானுக்கே உரியது, வதக்கியதும் போய்விடும். புளித்த நாற்றமும் தொட்டால் பிசுபிசுப்பும் இருந்தால் மட்டும் எறிந்துவிடுங்கள்.

இது வங்காளத்தில் கண்டறியப்பட்டு 1974-இல் அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்ட இனம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏ.பி.கே. 2 என்ற ரகமாக வெளியிட்ட பிறகே நம் பக்கத்துப் பண்ணைகளில் பரவியது. பட்டன் காளான் மொட்டு விடுவதற்கு ஏறத்தாழ 15 முதல் 18 டிகிரி வரையிலான குளிர்ச்சி வேண்டும் என்பதால், சென்னையில் அதை வளர்க்க நினைப்பவர் மின்கட்டணத்துக்கே உழைக்க வேண்டியிருக்கும். பால் காளானோ 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில்தான் செழிக்கும். அவித்த வைக்கோலையும் காளான் வித்தையும் பையில் அடுக்கடுக்காக நிரப்பி, வெண்ணிற இழைகள் முழுவதும் படர்ந்ததும் பையைப் பாதியாக வெட்டி, மேலே ஆவியில் வேகவைத்த மண்ணைப் பரப்பி ஈரம் காத்தால், பத்துப் பன்னிரண்டு நாட்களில் மொட்டுகள் எழும்பும். பட்டன் காளானைப் போல விரைவில் பழுப்பேறாது என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வசதி.

மயிலாப்பூர் சமையல்:
தண்டைத் தாராளமாக உண்ணலாம். என்னைக் கேட்டால் சுவையே அதில்தான் இருக்கிறது. குடையைக் கையால் நார் நாராகக் கிழித்துக்கொள்ளுங்கள், தண்டை மெல்லிய வட்டங்களாக நறுக்குங்கள். சதை இறுக்கமானது என்பதால் பட்டன் காளானைவிடச் சற்று அதிக நேரம் வேக வேண்டும். சின்ன வெங்காயமும் இடித்த மிளகும் சேர்த்த வறுவலுக்கு இது மிகப் பொருத்தம். கிரீம் ஊற்றிச் சமைப்பது இதற்கு அநியாயம். கழுவி வைக்காமல், காகிதத்தில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சமைக்கும்போது மட்டும் கழுவுங்கள்.

தாவரவியல் ஆசிரியர், தாம்பரம்:
புல்தரைக் காளானைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. மழைக்குப் பின் புல்வெளிகளில் வட்டமாக முளைப்பது பெரும்பாலும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளானாக இருக்கக்கூடும். அதன் குடைமேல் பழுப்புச் செதில்கள் இருக்கும், தண்டில் வளையம் இருக்கும், முற்றியதும் குடையின் அடிப்பக்க மடிப்புகள் பச்சை படரும். பால் காளானில் வளையம் கிடையாது. மடிப்புகளும் வெண்மையாகவே இருக்கும். ஆயினும் இளம் பருவத்தில் இரண்டும் வெள்ளையாகத் தோன்றுவதால், இந்த அடையாளங்களை நம்பித் தரையிலிருந்து பறித்து உண்ணலாகாது. அதை உண்டவர்களுக்குச் சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். வெள்ளிக் காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்று சோதிக்கும் வழக்கத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. சில காளான்களின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. யாரேனும் உண்டுவிட்டால், மீந்த காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மடிப்பாக்கம்வாசி:
மாமியாரிடம் உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். வளையத்தைத் தாமே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இனி அதைத் தொடுவதில்லை என்றார். இன்னும் ஓர் ஐயம்: தண்டின் அடியில் கரிய மண் ஒட்டியிருக்கிறதே, அது அழுகலா?

செங்குன்றம் காளான் பண்ணை:
அழுகல் அன்று, அம்மா. நாங்கள் படுக்கையின்மேல் பரப்பும் மண்தான் அது. அடியில் ஒரு விரற்கடை அளவு வெட்டிவிட்டுச் சமையுங்கள்.